ஞாயிறு காலையில் சீனக்குடா வாசல் திறக்குமா?

கோல்ப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் எங்கட குழுவிலேயே முதலில் வந்தது சிரிப்புத்தான். "ஏகாம்பரம் மைதானத்தில பந்தடிக்க ஒரு மூலை பிடிக்கிறதே பெரும்பாடு, உங்களுக்கு கோல்ப் கேக்குதோ?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், "பணக்காரர் புல்லில நடக்கிறதுக்குப் பெயர்தானே அது" என்றார். இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருக்கு. அதனால்தான் எழுத வேண்டியிருக்கு.

திருகோணமலை ஆட்களிலேயே கனபேருக்குத் தெரியாத விசயம், எங்கட மாவட்டத்தில் 18 குழிகள் கொண்ட முழு அளவிலான கோல்ப் மைதானம் ஒன்று இருக்கு. சீனக்குடாவில், விமானப்படைத் தளத்தோடு ஒட்டி, விமானப்படையே நடத்துகிற 'ஈகிள்ஸ் கோல்ப் லிங்க்ஸ்'. கொழும்பு ரயில் திருகோணமலைக்கு வந்து சேர முதல் சீனக்குடா நிலையத்தில் நிற்கும். அந்தப் பக்கம் பிறீமா மாவாலை, பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள், விமான ஓடுபாதை என்று எல்லாமே பெரிய பெரிய சாமான்கள். வேலை இருந்தால் மட்டும் போகிற இடம் என்றுதான் எங்கட மனதில் பதிந்திருக்கு. அதற்குள்ளே ஒருவர் நிதானமாக ஒரு வெள்ளைப் பந்தின் பின்னால் நடந்துகொண்டிருப்பார் என்று யார் நினைப்பார்கள்?

அந்த ஒருவரைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பார்ப்போம். கோல்ப் பிரியர். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வெளிக்கிட்டு, 260 கிலோமீற்றர் ஓடி இரவு வந்து சேருகிறார். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு மைதானத்தில். 18 குழியும் முடிக்க நாலு மணித்தியாலம் போகும், ஏழெட்டுக் கிலோமீற்றராவது நடை. பத்தரைக்குத் திரும்பி வந்து பிள்ளைகளோடு மார்பிள் பீச்சில் குளிப்பு. மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு, ஒரு நித்திரை. பின்னேரம் அவருக்குக் கமரா, மனைவிக்குப் புத்தகம், பிள்ளைகளுக்குக் கடற்கரை மணல். ஞாயிறு காலமை இன்னொரு ஒன்பது குழி, பிறகு கோணேசர் கோயில், பிறகு வீடு. திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அந்த மனுசன் புது ஆளாய்ப் போவார்.

இதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கு. ஆனால் அந்த வார இறுதியில் பிழை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. உடம்புக்கு நடை, மனதுக்கு விளையாட்டு, குடும்பத்துக்கு நேரம், தனக்கென்று ஒரு பொழுதுபோக்கு. மனுசருக்கு வேண்டியது எல்லாம் இரண்டு நாளில் அடங்கியிருக்கு. எங்கட கேள்வி வேறு. இந்தத் துறைமுகத்தைச் சுற்றிப் பரம்பரையாய் இருக்கிற சனத்துக்கு இப்படி ஒரு வார இறுதி ஏன் இல்லை? அதில் ஒரு துண்டையாவது கொடுக்க ஒரு வழி இருக்கு என்று நினைக்கிறோம். அந்த வழியை கோல்ப்பே காட்டித் தருகிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். எங்கட வீடுகளில் விளையாட்டு என்றாலே ஒரு குற்றத் தொனி வந்துவிடும். "உருப்படுகிற வழியைப் பார்" என்று அப்பாமார் சொல்லுவினம். இது எங்கட ஊருக்கு மட்டும் சொந்தமான வியாதி கிடையாது. 1457இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் கோல்ப்பையும் உதைபந்தையும் தடை செய்து சட்டமே போட்டது. காரணம், இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் இந்த விளையாட்டுகளில் மினக்கெடுகிறார்கள் என்பது. 'பந்தை விட்டிட்டுப் படி' என்பதன் அரசாங்க வடிவம். ஆக, இன்றைக்குப் பெரிய மனிதர் விளையாட்டு என்று மரியாதை பெற்றிருக்கிற கோல்ப்பும் ஒரு காலத்தில் உருப்படாத பெடியளின் விளையாட்டாய் இருந்ததுதான். கரத்துக்கும் 304க்கும் இன்னும் நம்பிக்கை இருக்கு!

கோல்ப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த விசயம் 'ஹண்டிகப்'. இதை வடிவாய் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய திறமைக்கு ஏற்ற ஓர் எண் இருக்கும். கைதேர்ந்தவருக்குச் சிறிய எண், புதிதாகப் பழகுபவருக்குப் பெரிய எண். ஆட்டம் முடிந்ததும் அவரவர் அடித்த மொத்த அடிகளிலிருந்து அந்த எண்ணைக் கழிப்பார்கள். எங்களில் ஒருத்தருடைய எண் 30, நாங்கள் கற்பனை பண்ணிய கொழும்பு ஐயாவின் எண் 10 என்று வைப்போம். அவர் 85 அடியில் முடிக்கிறார், எங்கட ஆள் தட்டுத்தடுமாறி 103 அடியில் முடிக்கிறார். கழித்துப் பார்த்தால் அவருக்கு 75, எங்கட ஆளுக்கு 73. எங்கட ஆள் வென்றுவிட்டார். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஐயா கை கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி வாங்கித் தருவார். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறையாக இதை ஒழுங்குபடுத்தினார்கள். அதன்படி ஆணோ பெண்ணோ ஒருவருக்கு 54 வரை எண் கிடைக்கலாம்.

எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கவில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒத்துக்கொள்கிற விளையாட்டு வேறு எது? ஓட்டப்போட்டியில் சப்பாத்து இல்லாத பிள்ளைக்குப் பத்து மீற்றர் முன்னுக்கு விடுவார்களா?

இதே கணக்கை எங்கட நாட்டில் இன்னொரு இடத்திலும் போடுகிறார்கள். மருத்துவபீடம், பொறியியல்பீட அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கு. அதற்கு மேலே, பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்குத் தனியாக 5 வீதம் ஒதுக்குகிறார்கள். திருகோணமலையும் அந்தப் 16இல் ஒன்று. ஆய்வுகூடம் இல்லாத, ரசாயனவியல் ஆசிரியர் வருசத்தில் பாதி நாள் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அது கொடுக்கிற சின்ன இடம். ஆனால் கம்பஸில் அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் என்ன கதைக்கினம்? "கோட்டாவில வந்தது." கோல்ப் மைதானத்தில் ஹண்டிகப்பை யாரும் இப்படி நக்கலடிப்பதாகத் தெரியவில்லை. வசதி உள்ளவர்கள் தங்களுக்குள் விளையாடும்போது அது நியாயமான விதி. அதே விதி கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வந்தால் சலுகை, பிச்சை. இந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கோ.

ஆனால் ஹண்டிகப் வாசலுக்கு உள்ளே போனவருக்கு மட்டும்தான் உதவும். வாசலுக்கு வெளியே நிற்கிறவருக்கு என்ன எண்? கோல்ப் மட்டைகள், பை, பந்து, கட்டணம், போக்குவரத்து என்று பார்த்தால் ஆட்டத்துக்குள் போகவே ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போதாது. அதனால் 'எல்லாருக்கும் கோல்ப் சொல்லிக்கொடுங்கோ' என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. அது நடக்காத காரியம், அவ்வளவு அவசியமும் இல்லை. இந்த இடத்தில் ஸ்கொட்லாந்துக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

செயின்ட் அன்ட்றூஸ் என்ற சின்னக் கடலோரப் பட்டினம். கோல்ப்பின் தாய்வீடு என்று உலகம் முழுக்கச் சொல்லுவார்கள். அங்கே இருக்கிற 'ஓல்ட் கோர்ஸ்' மைதானத்தில் ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்று ஏங்கிச் சாகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்த மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ப்புக்கு மூடப்பட்டிருக்கும். சில பெரிய போட்டிகள் நடக்கிற நாட்கள் மட்டும் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் ஊர்ச்சனம் அங்கே நடக்கப் போகும். நாயைக் கூட்டிக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் புல்லில் ஓடும், கிழவர்கள் காற்று வாங்குவார்கள். திங்கட்கிழமை உலகச் சம்பியன்கள் வந்தாலும் அதே புல்லில்தான் ஆட வேண்டும்.

இது யாரோ ஒரு பெரிய மனிதர் இரக்கப்பட்டுக் கொடுத்தது கிடையாது. ஸ்கொட்லாந்து மொழியில் 'லிங்க்ஸ்' என்றால் கடலுக்கும் பயிர்நிலத்துக்கும் இடையில் கிடக்கிற மணல் மேடு. விதைத்தால் முளைக்காது, அதனால் யாரும் உரிமை கொண்டாடவில்லை, ஊரே பாவித்தது. 1552இல் அந்த ஊர்ப் பேராயர் ஜோன் ஹமில்டன் எழுதிய பட்டயத்தில், அந்த நிலத்தில் கோல்ப் ஆடவும் பந்தடிக்கவும் கால்நடை மேய்க்கவும் ஊர்ச்சனத்துக்கு இருக்கிற உரிமை ஒத்துக்கொள்ளப்பட்டது. பிறகு 1797இல் நகரசபை கடன்பட்டு நொந்துபோய் அந்த நிலத்தை விற்றுவிட்டது. வாங்கினவர்கள் அதில் முயல் வளர்க்கத் தொடங்கினார்கள். கோல்ப்காரருக்கும் முயல்காரருக்கும் வருசக்கணக்காய்ச் சண்டை, வழக்கு. (முயல் கிண்டின குழியில் பந்து விழுந்தால் என்ன விதி என்று யோசித்தாலே சிரிப்பு வருது.) கடைசியில் 1894இல் ஒரு சட்டம் கொண்டுவந்து நிலம் திரும்பவும் ஊரின் கைக்கு வந்தது. இன்றைக்கு அங்கே ஆடுகிற எந்தக் கோடீசுவரனும் ஊருக்குச் சொந்தமான நிலத்தில்தான் ஆடுகிறான்.

அந்த ஊரை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. 1867இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்ல உருட்டி விளையாட ஒரு சின்னப் புல்துண்டு. மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசுவது பெண்ணுக்கு அழகில்லையாம். அங்கே இருக்கிற புகழ்பெற்ற ரோயல் அன்ட் ஏன்சியன்ட் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது 2014 செப்டெம்பரில்தான். அப்போது எங்களில் பாதிப்பேர் புலமைப்பரிசில் பரீட்சைகூட எழுதியிருக்கவில்லை. அவ்வளவு அண்மையில் நடந்த விசயம்.

இனி திருமலைக்கு வருவோம்.

துறைமுக ஊர் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊர் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். உண்மையில் எங்கட துறைமுகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், சாதாரண ஆள் தடையில்லாமல் தண்ணீர் வரைக்கும் போகக்கூடிய இடம் கொஞ்சம்தான். உட்துறைமுக வீதியில் ஒரு துண்டு. அதற்கு அப்பால் கடற்படை, துறைமுக அதிகாரசபை, ஆலைகள், விமானப்படை என்று வாசலுக்கு மேல் வாசல். உவர்மலையில் நின்று பார்த்தால் எல்லாம் தெரியும், போகத்தான் ஏலாது. இது நேற்று வந்த நிலைமையும் இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தின்மேலும் சீனக்குடாவின்மேலும். 1957 வரைக்கும் இங்கே பிரித்தானியக் கடற்படை இருந்தது. பிறகு எங்கட அரசாங்கத்தின் கடற்படை, பிறகு போர். இயற்கைத் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் படித்துப் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு ஊர் கொடுத்த வாடகைதான் இந்த வாசல்கள்.

அதனால் ஞாயிறு பின்னேரம் வந்தால் முழுத் திருமலையும் டச்பே கடற்கரைக்குத்தான். கடலை வண்டில், ஐஸ்கிறீம் வான், பட்டம் விடுகிற சின்னனுகள், ரெனிஸ் பந்தில் கிரிக்கெட், மான்களுக்கு இலை நீட்டுகிற குழந்தைகள். எங்களுக்கு அந்தச் சனக்கூட்டம் பிடிக்கும். ஆனாலும் அது ஒரு கடற்கரைத் துண்டு. நடந்தால் பத்து நிமிசத்தில் முடிந்துவிடும். வசதி உள்ளவர் உப்புவெளி, நிலாவெளி என்று போவார். அங்கேயும் கடற்கரையோரம் விடுதிகள் நெருக்கமாய் வந்துவிட்டன.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். படையினரின் வாசல் ஊருக்குத் திறக்கவே மாட்டாது என்பதும் உண்மை கிடையாது. பிரெட்ரிக் கோட்டை இராணுவ முகாம்தானே? அதற்கு உள்ளால்தானே தினமும் கோணேசர் கோயிலுக்குப் போய் வருகிறோம்? ஒரு பக்கம் படைவீரர் நிற்பார், மற்றப் பக்கம் மான் மேயும், நடுவால் அம்மம்மாமார் அருச்சனைத் தட்டோடு மேடு ஏறுவார்கள். போர்க்காலத்தில் இருந்த சோதனையும் கெடுபிடியும் எங்கட பெற்றோருக்கு மறக்காது. இன்றைக்கு அந்தப் பாதை பழகிவிட்டது, யாரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மார்பிள் பீச் இன்னொரு உதாரணம். அதுவும் விமானப்படை நடத்துகிற இடம். கட்டணம் கட்டி உள்ளே போய்க் குளித்துவிட்டு வருகிறோம். முகாமும் சனமும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று இந்த ஊர் இரண்டு தடவை நிரூபித்துவிட்டது.

அப்படியென்றால் சீனக்குடாப் புல்லில் ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் ஊர்ச்சனம் நடக்க விட்டால் என்ன? முழு நாளும் வேண்டாம். 18 குழியும் வேண்டாம், ஒன்பது போதும். அந்த மூன்று மணித்தியாலம் பந்தும் மட்டையும் ஓய்வெடுக்கட்டும். ஒன்பதரைக்கு எங்கட கோல்ப் பிரியர் வந்து ஆடட்டும், அதுவரைக்கும் அவரும் குடும்பத்தோடு சேர்ந்து நடக்கலாம். செயின்ட் அன்ட்றூஸில் நூற்றாண்டுகளாய் நடக்கிற வழக்கம். கோல்ப்பைக் கொண்டுவந்தவர்கள் அந்த வழக்கத்தை மட்டும் ஏன் கப்பலில் ஏற்றவில்லை?

ஏற்றவில்லை என்பதற்கு இந்த நாட்டின் கோல்ப் வரலாறே சாட்சி. 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகம், 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகம், இரண்டும் வெள்ளைக்காரர் தங்கட வார இறுதிக்காக உண்டாக்கியவை. ஊர்க்காரர் உள்ளே போக இருந்த வழி, பை சுமக்கிற 'கெடி' வேலை. அந்த வேலை வழியாய்ப் போய் ஆட்டக்காரராய்த் திரும்பி வந்தவர்கள் இந்த உபகண்டத்தில் உண்டு. டெல்லிக் கழகத்தில் கெடியாய் இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார், அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். இன்றைக்கு இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர் வரிசையில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்கள் இருக்கு. எங்கட வீடுகளில் கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாவது ஆளின் பெயரும் தெரியும். இந்த இரண்டு பெயரையும் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசல் மூடியிருந்தால் உள்ளே யார் வென்றாலும் வெளியே சத்தம் கேட்காது.

ஞாயிறு காலை ஆறு மணி என்று நாங்கள் நேரம் குறித்ததற்கு ஒரு காரணம் இருக்கு. அந்த நேரத்தில் எங்கட வீட்டு அம்மாமார் எங்கே இருப்பார்கள்? குசினியில். ஞாயிறு என்றால் அப்பாவுக்கு லீவு, பிள்ளைகளுக்கு ரியூசன் இல்லாவிட்டால் லீவு, அம்மாவுக்கு இரண்டு கறி கூட. இறைச்சி, பருப்பு, சொதி, வடகம், மத்தியானம் வரைக்கும் அடுப்படி. பிறகு ஒரு கிழமை உடுப்புத் தோய்க்கிறது. அப்பா சாப்பிட்டுவிட்டு மரத்துக்குக் கீழே 304 விளையாடப் போவார், அண்ணா பந்தடிக்கப் போவார், சித்தப்பா தூண்டிலோடு இறங்குவார். எங்கட ஊரில் ஆம்பிளைகளுக்குக் கோல்ப் இல்லையே தவிர கோல்ப் பிரியரின் வார இறுதி ஓரளவுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது இல்லாதது அம்மாவுக்கும் அக்காவுக்கும். நாங்கள் மேலே கற்பனை பண்ணிய கொழும்புக் குடும்பத்தில்கூட அந்த மீன்குழம்பை யார் வைத்தது என்று எழுதினோமா? விடுதியில் யாரோ ஒரு அக்கா வைத்திருப்பா. அவவின் சனிக்கிழமை அந்தச் சட்டிக்குள்தான் கரைந்திருக்கும்.

'உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு?' என்று எங்கட குழுவில் ஒவ்வொருவரும் அம்மாவிடம் கேட்டுவந்தோம். வந்த பதில்களில் முக்கால்வாசி, "எனக்கென்ன பொழுதுபோக்கு?" ஒருத்தரின் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சின்னனில நல்லா ஓடுவன், இல்லப் போட்டியில கப் எடுத்தனான்" என்று சொன்னாவாம். மகளுக்கு இருபத்தொரு வயதுக்குப் பிறகுதான் அந்தக் கப்பைப் பற்றித் தெரியவந்திருக்கு.

டச்பேயில் ஒரு பெண் தனியாக வேகமாக நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு மோட்டார்சைக்கிள் இரண்டாம் தரமும் சுற்றி வரும். வேலிபோட்டு, காவல் நின்று, பரந்த புல்லும் காற்றும் உள்ள ஓர் இடத்தில் விடியற்காலையில் அம்மாவும் மகளும் நடக்கலாம் என்றால், அதற்காக ஞாயிறு இறைச்சிக்கறி ஒரு மணித்தியாலம் பிந்தினால் குடிமுழுகாது. அப்பாவும் வெங்காயம் உரிக்கலாம். இதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். பாதுகாப்பு என்று முதலில் சொல்லுவார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் சனத்தை விடுவதா என்று. ஆனால் கட்டணம் கட்டி ஆட வருகிற வெளியாரை அதே புல்லில் விடுகிறார்கள்தானே? அடையாள அட்டையைப் பதிந்து உள்ளே விடுங்கோ, பயிற்சிப் பறப்பு இருக்கிற நாளில் மூடுங்கோ. கோட்டை வாசலில் செய்யத் தெரிந்ததை இங்கே செய்யத் தெரியாதா?

குப்பை என்பது அடுத்த எதிர்ப்பு. இதுக்கு எங்களிடம் துணிச்சலான பதில் இல்லை, ஏனென்றால் அந்தப் பயம் நூறு வீதம் சரி. ஞாயிறு இரவு டச்பேயைப் போய்ப் பாருங்கோ. கோட்டை மான் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கும். புறாத்தீவில் பவளப்பாறைக்கு மேலே ஏறி நின்று படம் எடுக்கிற சனம் எங்கட சனம்தான். வெளியூர்க்காரர் தலையில் எல்லாவற்றையும் போடக்கூடாது. அதனால் சாப்பாட்டுப் பார்சலும் பிளாஸ்ரிக் போத்தலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாய் ஒரு விதி இருக்கட்டும். கோல்ப்பில் நடுவர் பின்னால் ஓடிவர மாட்டார், அவரவர் அடியை அவரவர்தான் எண்ண வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பொபி ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர், தன்னுடைய பந்து கொஞ்சம் அசைந்துவிட்டது என்று வேறு யாரும் காணாதபோதும் தானே சொல்லி ஓரடித் தண்டனை வாங்கினார், கடைசியில் பட்டத்தையும் இழந்தார். அவரவர் குப்பையை அவரவர் எண்ணுவதற்கு அவ்வளவு பெரிய தியாகம் தேவையில்லை, ஒரு பை போதும்.

மூன்றாவது எதிர்ப்பு எங்கட குழுவுக்குள்ளேயே இருந்து வந்தது. கனமானது. "நடக்க மூன்று மணித்தியாலம் தாங்கோ என்று கேட்டால், நிலம் அவையின்ர என்று நாங்களே ஒத்துக்கொள்ற மாதிரி ஆகாதா?" கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் நடந்ததை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. 2006இல் இடம்பெயர்ந்த சனம், 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாய் நிலம் விடப்படும் வரைக்கும் கிட்டத்தட்டப் பத்து வருசம் தகரக் கொட்டிலில் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னால் கோல்ப் புல்லில் நடப்பதைப் பற்றிக் கதைக்கக் கூச்சமாய்த்தான் இருக்கு. வீட்டு நிலமும் வயல் நிலமும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலம், அதில் மூன்று மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் என்ற பேரமே கிடையாது. சீனக்குடா பிரித்தானியர் காலத்திலிருந்தே விமானத் தளம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதக்கூடாது என்பது எங்களில் கூடினவரின் நிலைப்பாடு. மற்றவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. செயின்ட் அன்ட்றூஸ் சனம் ஞாயிறு நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும், நிலத்தைத் திரும்ப எடுத்ததும் ஒரே சனம் செய்த இரண்டு வேலை என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். "அவைக்கு 1552இல பட்டயம் இருந்தது, எங்களிட்ட என்ன இருக்கு?" என்றார் அந்த நண்பர். விவாதம் அந்த இடத்தில் நிற்கிறது.

பொழுதுபோக்கு என்று இளக்காரமாய்ச் சொல்லுகிறவர்களுக்கும் ஒரு பழைய கதை. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கடலடியில் நீந்துகிற தங்கட ஆசைக்காக இங்கே வந்தார்கள். சுவாமிமலைக்குக் கீழே தண்ணீருக்குள், போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களும் தூண்களும் கிடப்பது அப்படித்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. நேரமும் ஆசையும் இருந்த இரண்டு பேரின் விளையாட்டு அது. நேரமும் இடமும் கொடுத்தால் எங்கட பெண்பிள்ளைகளும் மீன்பிடிக்காரரின் பிள்ளைகளும் எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று முன்கூட்டியே யார் சொல்ல முடியும்?

கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்று மொழியிலும் போகும். ஞாயிறு காலை 6 முதல் 9 வரை, ஒன்பது குழிப் பகுதி, மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று பரீட்சார்த்தமாகத் தொடங்கலாம், மழைக்காலத்தில் புல் கெடும் என்றால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். அதில் இன்னொரு வரியும் உண்டு: சீனக்குடா, கிண்ணியா, தம்பலகாமம் பாடசாலைகளிலிருந்து தவணைக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போய், பழைய மட்டைகளைக் கொடுத்துப் பந்தடித்துப் பார்க்க விட வேண்டும், அதில் பாதி பெண்பிள்ளைகளாய் இருக்க வேண்டும். மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கியே வீசலாம். சிங்களப் பிரதியை எங்கட வகுப்புத் தோழி ஒருத்தி பார்த்துத் திருத்தித் தந்துவிட்டா. இல்லப் போட்டியில் கப் எடுத்த அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "சப்பாத்துப் போட்டுத்தான் நடக்க வேணுமோ, செருப்பும் சரியோ?" என்று கேட்டிருக்கிறா.